ஊர் அ, ஊர் ஆ

சின்னக் காஞ்சிபுரத்தில், வரதராஜர் கோயில் மதிலுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் நடந்துவந்த இந்திய–சோவியத் சமூகவியல் ஆய்வகத்துக்கு, தொண்ணூற்றொன்று டிசம்பர் கடைசியில் ஒரு சங்கடம் வந்தது. பெயர்ப்பலகையில் இருந்த இரண்டு நாடுகளில் ஒன்றைக் காணவில்லை.

இயக்குநர் முனைவர் அழகியமணவாளன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் பெயின்டரைக் கூப்பிட்டு, 'சோவியத்' என்று இருந்ததை அழித்துவிட்டு 'இடைமாற்ற' என்று எழுதச் சொன்னார். ஓர் எழுத்து கூடிப்போனதால் அது சட்டத்தின் மேல் ஏறி நின்றது. பொதுவுடைமையிலிருந்து சந்தைக்கு மாறிக்கொண்டிருக்கும் நாடுகளை ஆராய்வதே ஆய்வகத்தின் பணி என்றும், ஆரம்பத்திலிருந்தே அதுதான் பணி என்றும் ஊழியர்களிடம் அறிவித்தார். கூடத்துச் சுவரிலிருந்த மூன்று தாடிக்காரர்களின் படங்களும் இறங்கின. ஆணிகள் மட்டும் பிடுங்க வரவில்லை. ஒன்றில் இயக்குநர் குடையை மாட்டினார். ஒன்றில் ஆய்விதழின் துணையாசிரியை ரமாமணி கைப்பையை மாட்டினார். மூன்றாவது ஆணி களப்பணி உதவியாளர் சின்னப்பையனின் சாப்பாட்டுப் பைக்குக் கிடைத்தது. எட்டு வருடத் தற்காலிக வேலையில் அவனுக்குக் கிடைத்த முதல் நிரந்தரமான இடம் அதுதான்.

ஆய்வகம் வருடத்துக்கு நான்கு முறை ஆங்கிலத்தில் ஓர் இதழ் வெளியிட்டது. அதன் பெயரும் மாறியது. ஆனால் அச்சேறாமல் கிடந்த ஏழு வருடக் கட்டுரைகளை என்ன செய்வது? புதிதாக வந்திறங்கிய கணினி அதற்கு வழி சொன்னது. 'சோஷலிசம்' என்று வருகிற இடத்திலெல்லாம் 'சந்தை' என்று மாற்ற ஒரு பொத்தான் போதும் என்று ரமாமணி கண்டுபிடித்தார். அப்படி வந்த முதல் கட்டுரை, சந்தையே மனிதகுலத்தின் இறுதி விடுதலை என்று ஆரம்பித்து, சந்தையின் எதிரிகளை வரலாறு மன்னிக்காது என்று முடிந்தது.

"ஒரு வாக்கியத்தைக்கூடத் தொட வேண்டியிருக்கலை சார்," என்றார் ரமாமணி.

"நல்ல ஆய்வுக்கு அதுதான் அடையாளம்," என்றார் இயக்குநர்.

இதழுக்கு மானியம் வரவேண்டுமானால், ஒவ்வொரு கட்டுரையையும் வெளிநாட்டு அறிஞர்கள் இருவர் படித்துச் சரி என்று எழுதித் தரவேண்டும். அதற்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் இருந்தது. சோவியத்திலிருந்து உதிர்ந்த ஒரு சின்ன நாட்டின் தலைநகரில் அதுவும் சமூகவியல் ஆய்வகம்தான். ஐந்து வருடத்தில் அந்த நாட்டின் பெயர் இரண்டு முறை மாறிவிட்டதால், தபால் பதிவேட்டில் சின்னப்பையன் அதைப் பென்சிலில்தான் எழுதுவான். அவர்களுடைய கடிதத்தாளின் ஓரத்தில் பதினான்கு பேராசிரியர்களின் பெயர்கள் அச்சாகியிருந்தன. பதினான்கு பேரும் ஒரே தட்டச்சு இயந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். எல்லார் கடிதத்திலும் 'கே' என்கிற ஆங்கில எழுத்துக்குக் கால் உடைந்திருந்தது. சின்னப்பையன் அதைக் கவனித்தான். கவனிப்பது அவன் வேலையில்லை என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

அவர்களுக்கும் அதே விதி. அவர்கள் கட்டுரைகளை வெளிநாட்டார் இருவர் படிக்கவேண்டும். அவை காஞ்சிபுரத்துக்கு வரும். ஒன்றுக்கு ரமாமணி அறிக்கை எழுதுவார். இரண்டாவதை, பட்டப்படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்த சின்னப்பையன் எழுதுவான்: 'நல்ல கட்டுரை, புள்ளிவிவரம் கொஞ்சம் சேர்க்கலாம்.' கீழே ஆய்வகத்தின் நிறுவனர் பெயர் போடப்படும். நிறுவனர் எண்பத்து நான்கிலேயே காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு அவர் பத்தொன்பது கட்டுரைகள் வெளியிட்டிருந்தார்.

அதற்கும் காரணம் உண்டு. கோயிலில் தீர்த்தமும் சடாரியும் யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று ஒரு வரிசை இருப்பதைப்போல, இதழிலும் ஒரு வரிசை இருந்தது. கட்டுரை யார் எழுதியதானாலும் முதல் பெயர் இயக்குநருடையது. அடுத்தது ஆட்சிக்குழுத் தலைவரான பட்டு ஜவுளிக்காரர். மூன்றாவது நிறுவனர். எழுதியவன் பெயருக்கு இடமிருந்தால் அதன் பிறகு. பெரும்பாலும் இடமிருக்காது.

சின்னப்பையனுக்கு இவை எதிலும் குறையில்லை. தொண்ணூற்றாறில் அவன் மனைவி கங்கையம்மாளின் கைவிரல்கள் கெட்டுப்போகும் வரைக்கும்.

அவர்கள் வீடு முசரவாக்கம் தாண்டி நாவல்மேட்டில் இருந்தது. அறுபத்து நாலு வீடு. கங்கையம்மாளுக்குப் பாவு பிணைக்கும் வேலை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒன்று தீரும்போது, அதன் நுனியில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக வைத்து விரலால் முறுக்கிச் சேர்க்கவேண்டும். ஒரு பாவுக்கு நாலாயிரத்துச் சொச்சம் இழை. பட்டு இழை தலைமயிரைவிட மெல்லியது. விரல் வழவழப்பாக இருந்தால்தான் அது பேச்சுக் கேட்கும்.

ஊருக்கு மேற்கே சாயப்பட்டறைகள் வந்த இரண்டாவது வருடம் அடிபம்புத் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது. கங்கையம்மாளின் விரல் நுனிகள் உரிந்து, வெடித்து, சுரசுரப்பான காகிதம்போல ஆயின. இழை விரலில் சிக்கி அறுந்தது. மூன்று பாவு கெட்டதும் தறிக்காரர் அவளை வரவேண்டாம் என்றுவிட்டார். ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்து, தண்ணீரை மாற்று என்றார்கள். மாற்றுவதற்கு இன்னொரு தண்ணீர் இருக்கவேண்டும் என்பதை அங்கே யாரும் யோசிக்கவில்லை.

"ஆராய்ச்சி ஆபீசுல குந்திக்கினு இன்னாதான்யா பண்றீங்க?" என்றாள் கங்கையம்மாள். "இதை ஆராய்ச்சி பண்ணக் கூடாதா? ஊருல இல்லாத நாட்டையெல்லாம் பண்றீங்களே."

சின்னப்பையன் முதலில் குடிநீர்ப் பிரிவு அலுவலகத்துக்குத்தான் போனான். அங்கே கலியாணசுந்தரம் என்கிற அதிகாரி, மனுவை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். கெட்டவர் இல்லை. நின்றவனை உட்காரச் சொன்னார்.

"இதபாருப்பா. பொண்டாட்டி கையைக் காட்டுனா அது மருத்துவத்துறை. தண்ணியைக் காட்டுனா அது தொழில்துறை. ரெண்டுத்தையும் சேத்துக் காட்டணும்னா அதுக்கு ஆய்வுன்னு பேரு. ஆய்வு இருக்குதா?"

"நான் வேலை செய்யிறதே ஆய்வகத்துலதான் சார்."

"அப்புறம் இன்னாத்துக்குக் கவலைப்படறே? ஆனா சும்மா டைப் அடிச்சுக்கினு வந்து நீட்டாதே. சர்வதேச இதழ்ல வந்திருக்கணும். வெளிநாட்டுக்காரன் ரெண்டு பேரு சரின்னு சொல்லியிருக்கணும். நம்மூர்க்காரன் சரின்னு சொன்னா, அவன் யாருக்குச் சொந்தக்காரன்னு மேல கேப்பாங்க. வெளிநாட்டுக்காரனுக்கு இங்க சொந்தம் கெடையாது பாரு. அதான் உண்மை."

சின்னப்பையன் ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் நாவல்மேட்டை வீடு வீடாக ஏறி இறங்கினான். எந்த வீட்டில் யாருக்கு எப்போது கை உரிந்தது, எத்தனை பேர் வேலை இழந்தார்கள், எந்த மாதம் தண்ணீர் என்ன நிறம் என்று தமிழில் எழுதினான். அறுபத்து நாலில் ஐம்பத்தொரு வீட்டில் கை உரிந்திருந்தது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் வாரத்துக்கு ஒன்றாகத் தண்ணீர் பிடித்துத் தேதி ஒட்டினான். எல்லாவற்றையும் இயக்குநர் மேசையில் வைத்தான்.

அழகியமணவாளன் புரட்டிப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார்.

"ஏன்டா, நீ நிஜமாவே போயிட்டு வந்தியா?"

"என் வீடே அங்கதான் சார்."

"அது பெரிய குறையாச்சே. ஆராயறவனுக்கும் ஆராயப்படறவாளுக்கும் நடுவுல தூரம் வேணும். நான் இருபத்தாறு வருஷமா நெசவாளர் பொருளாதாரம் எழுதிண்டிருக்கேன். ஒரு தறிக்குழியை எட்டிப் பார்த்ததில்லை. அதனாலதான் என் எழுத்துல பாரபட்சமே இருக்காது."

ஆனாலும் அந்தக் காலாண்டுக்குக் கட்டுரை இல்லை. பழைய சரக்கு தீர்ந்துபோயிருந்தது. ரமாமணி மொழிபெயர்த்தார். கட்டுரை கடல் கடந்தது.

மூன்று வாரத்தில் இரண்டு அறிக்கைகள் வந்தன. முதல் அறிக்கை, தரவு அதிகமாகவும் கோட்பாடு குறைவாகவும் இருப்பதாக வருந்தியது. 'நோய்' என்பது மதிப்பீட்டுச் சொல், அதற்குப் பதில் 'மேற்தோலின் இடைமாற்றம்' என்று எழுதலாம் என்றது. இரண்டாவது அறிக்கை, ஆய்வு நெறிமுறைப்படி ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் மறைக்கப்படவேண்டும் என்றது. இரண்டிலும் 'கே'க்குக் கால் இல்லை.

இயக்குநருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "நெறிமுறையைப் பத்தி நம்மகிட்ட ஒருத்தன் கேட்டிருக்கான் பாரு. அப்படின்னா நம்மை மதிக்கறான்னு அர்த்தம்!"

நாவல்மேடு 'ஊர் அ' ஆயிற்று. சாயப்பட்டறை 'அருகமை தொழிலலகு' ஆயிற்று. தண்ணீர் நிறம் பற்றிய பட்டியல், நிறம் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது என்பதால் நீக்கப்பட்டது. கங்கையம்மாள் 'தகவலாளி 17' ஆனாள்.

"பதினேழா?" என்றாள் அவள், புளி கரைக்க முடியாத கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு. "மொதல் நம்பர் யாரு?"

"தர்மன் வீட்டுக்காரம்மா. வீட்டு வரிசைப்படி வந்துது."

"வார்டு மெம்பர் பொண்டாட்டி. எங்க போனாலும் அவளுக்குத்தான் மொதல்ல. சரி, பைப்பு வந்தா பதினேழாவதா நின்னுகூடப் பிடிச்சுக்கறேன். வரும் இல்ல?"

"புக்கு வந்துட்டா வந்துரும்."

தொண்ணூற்றேழு ஆவணியில் இதழ் வெளிவந்தது. கட்டுரைக்கு ஆறு ஆசிரியர்கள். இயக்குநர், ஜவுளிக்காரர், நிறுவனர், வெளிநாட்டு ஆய்வகத்தின் தலைவர், அதன் துணைத்தலைவர், ரமாமணி. முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: 'தரவு சேகரிப்பில் ஓர் உதவியாளர் உதவினார். அவர் பெயரைச் சொன்னால் ஊர் தெரிந்துவிடும் என்பதால், நெறிமுறை கருதிச் சொல்லப்படவில்லை.'

வெளியீட்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மறுநாள் முகூர்த்தம் என்பதால் மேடையில் ஏற்கெனவே மணவறை போட்டிருந்தார்கள். இயக்குநர் அதன் முன்னால் நின்று பேசினார்.

"இந்தக் கட்டுரை ஒரு தீர்வையும் சொல்லவில்லை என்று பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். தீர்வு சொல்வது அரசியல்வாதியின் வேலை. நாங்கள் கேள்வியை ஆழப்படுத்துகிறோம். ஊர் அ என்பது எங்கோ இருக்கிற ஓர் ஊர் இல்லை. அது எல்லா ஊரும்தான். அதனாலேயே அது எந்த ஊரும் இல்லை. இந்த உயரத்தை எட்ட எங்களுக்கு இருபது வருடம் ஆயிற்று. ஒரு காலத்தில் இந்த ஆய்வகத்துக்கு ஒரு கொள்கை இருந்தது, அதனால் பாதி உலகம் எங்களைச் சந்தேகித்தது. இன்று எங்களுக்குக் கொள்கை இல்லை. உலகம் முழுவதும் எங்களை நம்புகிறது."

கைதட்டினார்கள். சின்னப்பையன் பின்வரிசையில் போண்டாத் தட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

மறுநாளே இதழை எடுத்துக்கொண்டு கலியாணசுந்தரத்திடம் ஓடினான். அவர் அட்டையைத் தடவிப் பார்த்தார். உள்ளே நான்கு பக்கம் படித்தார்.

"பிரமாதம்பா. வெளிநாட்டுப் பேரெல்லாம் இருக்குது. இதுக்கு மேல ஒருத்தனும் கேள்வி கேக்க முடியாது. எந்த ஊரு இது?"

"நாவல்மேடு சார். நான் சொன்னேனே."

"நீ சொன்னே. இதுல ஊர் அன்னு இல்ல போட்டிருக்குது?"

"அது நெறிமுறைக்காக மறைச்சது சார். நாவல்மேடுதான்."

"எங்க எழுதியிருக்குது?"

"எழுதக் கூடாது சார்."

கலியாணசுந்தரம் இதழை மெதுவாக மூடினார். "நான் கோப்புல என்னான்னு எழுதறது? ஊர் அவுக்குக் குடிநீர் வழங்கலாம்னா? பட்டா, சர்வே நம்பர் ஏதுனா இருக்குதா ஊர் அவுக்கு? சரி, உங்க டைரக்டர்கிட்ட ஒரு வரி வாங்கிக்கினு வந்துடு. ஊர் அ என்பது நாவல்மேடுன்னு. முடிஞ்சுது."

இயக்குநர் காதைப் பொத்திக்கொண்டார்.

"சொல்லாதே! ஊர் பேரை என் காதுல போடாதே! எனக்கே தெரியக்கூடாது அது. ஏற்கெனவே தெரிஞ்சதை நான் ரொம்பக் கஷ்டப்பட்டு மறந்திருக்கேன்."

ஆறு மாதம் போயிற்று. நாவல்மேட்டு வார்டு மெம்பர் தர்மன் ஒரு வழி செய்தான். அவன் படித்தவனில்லை, அதனால் சுற்றி வளைக்கவில்லை. சின்னப்பையனின் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை எடுத்துப்போய், தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரிடம் நீட்டி, "கலர் கலக்கலை தலைவரே, கொஞ்சம் குடிச்சுப் பாரு" என்றான். ஜனங்கள் சுற்றி நின்றார்கள். வேட்பாளர் குடிக்கவில்லை. ஆனால் ஜெயித்தபின் ஞாபகம் வைத்திருந்தார். தண்ணீர் கெட்ட பதினோரு குக்கிராமங்களுக்குப் பாலாற்றிலிருந்து குழாய் போடும் திட்டம் ஒன்று கையெழுத்தானது. பட்டியலில் எட்டாவதாக நாவல்மேடு இருந்தது.

கங்கையம்மாள் ஒரு குடம் புதிதாக வாங்கி, கழுவாமல் கவிழ்த்து வைத்தாள். பழைய தண்ணீரில் அதைக் கழுவ அவளுக்கு மனமில்லை.

அந்த வாரம்தான் வெளிநாட்டுத் தபால் வந்தது. மேற்கே பெரிய பணக்கார அறக்கட்டளை ஒன்று, இடைமாற்ற நாடுகளில் நடக்கும் நல்ல ஆய்வுகளைத் தேடிக்கொண்டிருந்ததாம். 'ஊர் அ' கட்டுரையைப் பார்த்து மயங்கிவிட்டது. இரண்டு ஆய்வகங்களுக்கும் சேர்த்து ஐந்து வருடத் திட்டம். அந்த நாட்டில் 'ஊர் ஆ' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குச் சுத்தமான தண்ணீர் தருவார்கள். ஊர் அ இருந்தபடியே இருக்கும். ஐந்து வருடம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டால், சுத்தமான தண்ணீர் மனிதருக்கு நல்லதா என்பது அறிவியல்பூர்வமாகத் தெரிந்துவிடும்.

அதே உறைக்குள் சின்னப்பையன் பெயருக்கு மடித்த தனிக் கடிதம் ஒன்று இருந்தது. 'கே'க்குக் கால் இல்லை.

'அன்புள்ள உதவியாளருக்கு. பதிவுத் தபால் ஒப்புகைச் சீட்டில் நீங்கள் போடும் கையெழுத்திலிருந்து உங்கள் பெயரை அறிந்தேன். நிறுவனர் பெயரில் வரும் அறிக்கைகளை எழுதுவதும் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். நான் இங்கே செயலாளர், ஜினாயிதா. பேராசிரியர்கள் பதினான்கு பேரும் நான்தான். அவர்களில் நால்வர் இறந்துவிட்டார்கள், மற்றவர்கள் சந்தையில் காலணியும் பேட்டரியும் விற்கிறார்கள். கீழ்த்தளத்தை டயர் கடைக்கு விட்டிருக்கிறார்கள். முத்திரை என்னிடம் இருக்கிறது, அதனால் ஆய்வகம் இருக்கிறது. உங்கள் கட்டுரையை நான் உண்மையாகவே படித்தேன். ஊரை மறைக்கச் சொன்னது விதிப்புத்தகத்தில் இருந்ததால் சொன்னேன். இப்போது ஒன்று சொல்லவேண்டும். இரண்டு ஊரில் ஒன்றுக்கு உதவி, ஒன்றை அளப்பது மட்டும் என்றார்கள். எதற்கு எது என்று நாணயத்தைச் சுண்டிப் பார்த்து முடிவு செய்யச் சொன்னார்கள். நான் சுண்டவில்லை. ஊர் ஆ என் அம்மா இருக்கும் ஊர். மன்னிக்கவேண்டும் என்று கேட்கவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.'

சின்னப்பையன் கடிதத்தை இரண்டு முறை படித்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று சிறிதுநேரம் காத்திருந்துகூடப் பார்த்தான்.

இயக்குநர் அறையில் ஜவுளிக்காரர், ரமாமணி எல்லாரும் கூடியிருந்தார்கள். மைசூர்பாகு வந்திருந்தது.

"ஒரு சின்னச் சிக்கல்," என்றார் இயக்குநர். "பதினோரு கிராமத்துக்குக் குழாய் போடறாளாம். நம்ம ஊர் அ அதுல இருந்து தொலைச்சா? அதுக்கும் நல்ல தண்ணி போயிட்டா ஒப்பிட என்ன மிஞ்சும்? அஞ்சு வருஷத் திட்டமே போயிடும். இதுக்கு நடுவுல எதை எதையோ பண்ணி, அரசாங்கம் ஆய்வைக் கெடுக்கப் பார்க்கறது."

"பேசியாச்சு சார்," என்றார் ரமாமணி. "அந்த ஆபீசர் கலியாணசுந்தரம் ரொம்ப ஒத்துழைப்பு. ஆய்வு நடக்கிற ஊரை அஞ்சு வருஷத்துக்குத் திட்டத்துல இருந்து தள்ளி வைக்கலாம், விதியில இடமிருக்குன்னுட்டார். பேரை மட்டும் அரக்கு வெச்ச கவர்ல கொடுக்கணும். அவர் பிரிச்சு, பட்டியல்ல அடிச்சுட்டு, கவரைத் திரும்ப மூடிடுவார்."

"பேரை யார் எழுதறது? எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது," என்றார் இயக்குநர்.

எல்லாரும் சின்னப்பையனைப் பார்த்தார்கள்.

"சின்னப்பையா, நீயே தனியா உட்கார்ந்து எழுதி, அரக்கு வெச்சு, கையோட கொண்டு போய்க் கொடுத்துட்டு வந்துடு. எங்களுக்கு ஒண்ணும் காட்டாதே. பதினாலு வருஷமா தற்காலிகமா இருக்கே. இந்தத் திட்டத்துல கள ஆய்வாளர் பதவி நிரந்தரம். ஊர் அவுக்கு மாசாமாசம் போய் அளந்துண்டு வரணும். உத்தரவு தயார். கையெழுத்துப் போட்டுட்டேன்."

"சார், அந்த ஊருல ஜனங்க..."

"அது உணர்ச்சி. நீ இப்போ நிரந்தர ஊழியன்."

சின்னப்பையனைத் தபால் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். வெள்ளைத்தாள், உறை, அரக்குக் குச்சி, மெழுகுவர்த்தி, கலியாணசுந்தரம் அனுப்பியிருந்த பதினோரு ஊர்ப் பட்டியல். பட்டியலில் இல்லாத ஊரை எழுத முடியாது. எதையும் எழுதாமல் கொடுத்தால் நேரில் கூப்பிட்டுக் கேட்பார்கள், கலியாணசுந்தரத்துக்கு நாவல்மேடு ஞாபகம் இருக்கும். வேலையை விட்டுவிட்டுப் போனால் இன்னொருவன் வந்து எழுதுவான், அவன் உண்மையையே எழுதிவைப்பான்.

அவன் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தான். முதல் ஊரில் கங்கையம்மாளின் தங்கையைக் கொடுத்திருந்தது. மூன்றாவதில் அவனோடு படித்தவன் ஒருவன் மளிகைக்கடை வைத்திருந்தான். ஐந்தாவது ஊர்த் திருவிழாவுக்கு ஒருமுறை போய்ச் சாப்பிட்டிருக்கிறான். ஆறாவது ஊரில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு வேப்பமரம் உண்டு என்று ஞாபகம் வந்தது. அதைக்கூட எழுத முடியவில்லை. கடைசியாகப் பதினோராவது ஊர், தாங்கல் கண்டிகை. வாலாஜாபாத் பக்கம். அங்கே அவன் போனதில்லை. அந்த ஊர்க்காரர் யாரையும் தெரியாது. எத்தனை வீடு என்றும் தெரியாது.

எழுதினான். உறையை ஒட்டினான். அரக்கை உருக்கி ஊற்றும்போது இரண்டு சொட்டு கட்டைவிரலில் விழுந்தது. ஊதிக்கொண்டான்.

கலியாணசுந்தரம் அவன் முன்னாலேயே பிரித்தார். தாளைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவனைப் பார்த்தார்.

"இதான் ஊர் அவா?"

"ஆமா சார்."

"நாவல்மேடுன்னு ஏதோ சொன்ன மாதிரி இருந்துது."

"அது வேற சார்."

"வேறதான்," என்றார் கலியாணசுந்தரம். பேனாவை எடுத்துப் பதினோராவது வரியை அடித்தார். "எழுத்துல வந்துட்டா எனக்கு அவ்ளோதான்பா. நான் மனசுல வெச்சுக்கினு எதையும் செய்யறதில்லை."

தொண்ணூற்றெட்டு கார்த்திகையில் நாவல்மேட்டில் குழாய் திறந்தார்கள். கங்கையம்மாள் பதினேழாவதாக நிற்கவில்லை, தர்மன் பெண்டாட்டியை இடித்துத் தள்ளி முதலாவதாக நின்றாள். பொங்கல் கழிந்து விரல்களில் புதுத்தோல் கட்டியது. தறிக்காரர் ஒரு பாவு கொடுத்துப் பார்த்தார். இழை அறுபடவில்லை.

அன்றைக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள். "பதினோரு ஊருன்னாங்க. பத்து ஊருக்குத்தான் வந்துச்சாமே. அந்த இன்னோரு ஊரு எதுயா?"

"தெரியாது."

"உங்க ஆபீசுல தெரியாதா?"

"அங்க யாருக்கும் தெரியாது. கொழம்பு ஊத்து."

அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தபடி நின்றாள். பிறகு ஊற்றினாள்.

இயக்குநர் அறிக்கையில் முதலாண்டு முன்னேற்றம் சிறப்பாக இருந்தது. ஊர் ஆவில் தோல் குணமாகி வந்தது. ஊர் அவில் மோசமாகி வந்தது. இரண்டு கோடுகளும் வரைபடத்தில் அழகாகப் பிரிந்தன. அறக்கட்டளை பாராட்டி எழுதியது. ஊர் அவின் ஆரம்பக் கணக்குகள் நாவல்மேட்டினுடையவை, திட்டம் தொடங்கிய பின் வந்த கணக்குகள் வேறெங்கோ எடுத்தவை என்பது யாருக்கும் உறுத்தவில்லை. கோடு ஒன்றாகத்தான் ஓடியது.

தாங்கல் கண்டிகைக்கு அவன் மாதம் முதல் வெள்ளிக்கிழமை போவான். நாற்பத்து மூன்று வீடு. ஒவ்வொரு வீட்டிலும் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பான், நோட்டில் குறிப்பான். பத்தாவது முறை போனபோது சித்திரை வெயில். மணியம்மாள் என்று ஐம்பது வயது விதவை, களத்து வேலைக்காரி, வாசலில் சாக்கு விரித்து அவனை உட்காரவைத்தாள். கையை நீட்டினாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து உரிந்திருந்தன.

"கணக்கெல்லாம் மேல அனுப்பறியா சாமி?"

"அனுப்பறேன்மா."

"நீ மாசாமாசம் தவறாம வர்றே. எங்களை யாரு இப்டி வந்து பாத்தாங்க? இதே சுத்துல பத்து ஊருக்குப் பைப்பு போட்டுட்டாங்கோ. எங்களுக்கு மட்டும் இன்னாவோ தள்ளிப் போயிடுச்சு. நீ சொன்னா கேப்பாங்க. எப்ப வரும்பா?"

"ஆய்வு முடியணும்மா."

"எப்ப முடியும்?"

அவன் நோட்டைப் புரட்டினான், ஏதோ அங்கே எழுதியிருப்பதைப்போல. "இன்னும் நாலு வருஷம்."

"நாலு வருஷம்தானே," என்றாள் மணியம்மாள். அவளுக்கு அது குறைவாகப் பட்டது. ஒரு தேதியை அந்த ஊருக்கு யாரும் சொன்னதே இல்லை. உள்ளே திரும்பி, "வெயில்ல வந்திருக்குது பிள்ளை, வாய் காய்ஞ்சு கெடக்குது பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து போனாள். ஒரு சொம்பை நிறைய மொண்டு வந்து இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள். தண்ணீர் லேசான மஞ்சளாக இருந்தது.

"குடிப்பா. வடிகட்டித்தான் வெச்சிருக்கேன்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் அவனிடம் இல்லை. இருந்த ஒரே காரணத்தை அவளிடம் சொல்ல முடியாது. சொம்பை வாங்கினான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசிச் சொட்டு வரை குடித்தான்.